சுருதியை இறக்கிப் பாடுங்கள் தம்பிகளே

போன டிசம்பரில் போனென்காய் முடிந்து எங்கள் குழு நிஜிகாய்க்கு நகர்ந்தது. ஜப்பானில் வேலை செய்பவர்களுக்கு இது தெரியும்: ஆண்டுக் கடைசி விருந்து போனென்காய், அது முடிந்து இரண்டாவதாகப் போகிற இடம் நிஜிகாய், பெரும்பாலும் அது கரோக்கேதான். எங்கள் குழுவில் திருச்சிப் பக்கத்துத் தம்பி ஒருவன் இருக்கிறான், வந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. நல்ல குரல். ஜப்பானிய நண்பர்கள் முன்னால் ஜப்பானியப் பாட்டே பாட வேண்டும் என்று மூன்று வாரம் வீட்டில் பழகி வந்திருந்தான். அவன் எடுத்தது 2019இல் வந்த ‘ப்ரிடெண்டர்’. சரணம் வரை அழகாகப் போனது, உச்சி வரியில் குரல் உடைந்தது, ஒரு ஸ்தாயி கீழே இறங்கிப் பார்த்தான், அதுவும் ஒட்டவில்லை, பாதியில் மைக்கை வைத்துவிட்டான். யாரும் கேலி செய்யவில்லை, எல்லாரும் கை தட்டினார்கள். ஆனால் அன்றைக்கு அவன் மறுபடி பாடவில்லை, ஜனவரியில் கூப்பிட்டபோது வரவும் இல்லை.

எனக்கு அது மனசில் தைத்துவிட்டது. அவன் குரலில் ஒரு குறையும் கிடையாது. பாட்டுதான் தப்பு. அதைவிட, அந்தப் பாட்டை அவன் மூலச் சுருதியிலேயே பாட நினைத்ததுதான் பெரிய தப்பு.

இணையத்தில் ‘ஆண்கள் பாட எளிதான ஜப்பானியப் பாட்டு’ என்று தேடினால் பட்டியல் பட்டியலாகக் கொட்டுகிறது. பாதிக்கு மேல் அந்தந்த ஆண்டின் பிரபலமான பாட்டுகளைத்தான் அடுக்கியிருக்கிறார்கள். பிரபலம் வேறு, எளிது வேறு. கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் ஜப்பானில் பெரிதாக ஓடிய ஆண்குரல் பாட்டுகளில் பல, சாதாரண ஆணுக்கு எட்டாத உயரத்தில் இருக்கின்றன. கிங் நூ குழுவின் ‘ஹகுஜித்சு’ தொடங்குவதே பொய்க்குரலில்தான். கேட்க உயிர் போகும் அழகு, ஆனால் முதல் பாட்டாக அதை எடுக்காதீர்கள்.

இங்கே குரல் உயரத்துக்கு ஒரு குறியீடு வைத்திருக்கிறார்கள், மிட்2ஜி, ஹைஏ, ஹைசி என்று. பியானோவின் நடு ஸ இருக்கிறதே, அதற்கு மேலே வருகிற ப-தான் மிட்2ஜி. பயிற்சி இல்லாத ஆண்குரல் பெரும்பாலும் அந்த இடத்துக்குப் பக்கத்திலேயே திணற ஆரம்பித்துவிடும். பாட்டின் பெயரோடு ‘சைகோஓன்’, அதாவது உச்ச ஸ்வரம், என்று ஜப்பானிய எழுத்தில் சேர்த்துத் தேடினால் அந்தப் பாட்டு எதுவரை ஏறுகிறது என்று சொல்லிவிடுவார்கள். ஹைஏ, ஹைசி என்று வந்தால் அப்படியே பாடப் போகாதீர்கள். மெதுவான பாட்டு எளிது என்றும் நம்பாதீர்கள், மெதுவான பாட்டில் உச்சியில் நின்று நீட்ட வேண்டியிருக்கும், அதுதான் மூச்சை வாங்கும்.

அப்புறம் சுருதிப் பொத்தான். டாம் ஆகட்டும், ஜாய்சவுண்ட் ஆகட்டும், எந்தக் கரோக்கே இயந்திரத்திலும் சுருதியை ஏற்றி இறக்கலாம். ஒரு அழுத்துக்கு ஒரு அரைஸ்வரம், நம் பேச்சில் ஏறக்குறைய அரைக்கட்டை. நம் ஊரில் பாட உட்கார்ந்தால் முதல் கேள்வியே ‘எத்தனை கட்டை?’ என்பதுதான். ஒரு கட்டையில் பாடுகிறவரை யாராவது இரண்டரைக் கட்டைக்கு இழுப்பார்களா? கரோக்கே அறைக்குள் போனதும் மட்டும் அதை ஏன் மறந்துவிடுகிறோம் என்று எனக்குப் புரியவே இல்லை. ஜப்பானியர்களே தயங்காமல் இரண்டு, மூன்று இறக்கிக்கொண்டுதான் பாடுகிறார்கள். அன்றைக்கு அந்தத் தம்பி நான்கு இறக்கியிருந்தால் முழுப் பாட்டையும் பாடி முடித்திருப்பான் என்று இன்றும் நினைக்கிறேன்.

அடுத்தது வார்த்தைகள், இதில் தமிழனுக்கு ஒரு வசதியும் உண்டு, ஒரு சிக்கலும் உண்டு. ஜப்பானிய மொழி மாத்திரைக் கணக்கில் நடக்கிற மொழி. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, இது நமக்குச் சின்ன வயதிலேயே ஊறிய கணக்கு. ஆனால் நமக்கு ஒற்றெழுத்து அரை மாத்திரை, அவர்களுக்கு முழு மாத்திரை. ‘ஷின்புன்’ என்றால் செய்தித்தாள். நாம் அதை இரண்டு அசையாகச் சொல்லி முடித்துவிடுவோம், அவர்கள் ஷி-ன்-பு-ன் என்று நான்கு தட்டு தட்டுவார்கள். பாட்டில் அந்த ‘ன்’னுக்குத் தனி ஸ்வரமே இருக்கும். அதை விழுங்கினால் வரி முன்னால் ஓடிவிடும், அப்புறம் பிடிக்க முடியாது. பழைய பாட்டுகளில் பெரும்பாலும் ஒரு எழுத்துக்கு ஒரு ஸ்வரம் என்று போட்டிருப்பார்கள், புதிய பாட்டுகளில் ஒரு ஸ்வரத்துக்குள் மூன்று நான்கு எழுத்தைத் திணிப்பார்கள். முதலில் பழைய பாட்டு எடுங்கள் என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம்.

என்னைக் கேட்டால் முதல் பாட்டு ‘உஎ ஓ முயிதே அருக்கோ’தான். மேலே பார்த்து நடப்போம் என்று பொருள். 1961இல் சகமோட்டோ க்யூ பாடியது, 1963இல் ‘சுகியாகி’ என்ற பெயரில் அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் முதல் இடத்துக்கே போனது. தொடக்க வரிகளைக் கேளுங்கள், ம-வும் நி-யும் இல்லாமல் ஸ ரி க ப த என்று அப்படியே மோகனம். ஜப்பானில் இந்த அமைப்புக்கு யோனாநுகி என்று பெயர், நான்காவதையும் ஏழாவதையும் எடுத்துவிட்டது என்று அர்த்தம். நம் காதுக்குப் பழகிய வழி என்பதால் மெட்டு சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும். நடுவில் மெட்டு கொஞ்சம் சோகமாகத் திரும்பும், அந்த இடத்தை மட்டும் தனியாகப் பழகுங்கள். விசில் வருகிற இடத்தில் மூச்சு வாங்கிக்கொள்ளலாம், அதற்குள் அறையில் இருக்கிற பெரியவர்கள் எல்லாரும் சேர்ந்திருப்பார்கள்.

இரண்டாவது, ஸ்மாப் குழு பாடிய ‘செகாய் நி ஹிதோட்சு தகே நோ ஹனா’, 2003. பல குரல்கள் சேர்ந்து பாடுவதற்காக அமைந்த பாட்டு, அதனால் ஒருவர் மட்டும் எட்டக்கூடிய உச்சி எதுவும் அதில் இல்லை. பிரிவு விருந்து என்றால் நகபுச்சி ட்சுயோஷியின் ‘கன்பாய்’. கல்யாணங்களில் பாடிப் பாடி எல்லாருக்கும் மனப்பாடமான பாட்டு, வார்த்தைகள் நிதானமாக வரும். என்கா என்கிற பழைய பாணி ஜப்பானியப் பாட்டும் மேலதிகாரிகளுக்குப் பிடிக்கும், ஆனால் கொபுஷி என்று குரலைச் சுழற்ற வேண்டும், கமகம் பழகியவர்கள் முயன்று பார்க்கலாம்.

‘ஷிமா உத்தா’வைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தி பூம் குழு, 1992. அதன் தொடக்க வரிகள் ஒகினாவாவின் ஸ்வர வரிசையில் போகும், ஸ க ம ப நி, நம் கம்பீரநாட்டை ராகம். முதல் தடவை கேட்டபோது கோயில் வாசலில் நாகஸ்வரத்தில் மல்லாரி கேட்கிற மாதிரி எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஆனால் பின்னால் பாட்டு உயரே போகும், அதனால் இது ஐந்தாறு பாட்டுக்கு அப்புறம், அதுவும் இறக்கித்தான்.

பெண்குரல் பாட்டுகளையும் தள்ளிவிடாதீர்கள். பாடகி ஐம்யோனின் ‘மேரிகோல்டு’ போன்ற பாட்டை ஒரு ஸ்தாயி கீழே பாடினால் சரணம் தொண்டைக்குள்ளேயே அமுங்கிவிடும். அங்கே சுருதியை மூன்று நான்கு ஏற்றுங்கள். அதாவது கீழ் ஸ்தாயியில் பாடிக்கொண்டே மேலே ஏற்றுவது. ஆண்குரலுக்கு நடுவில் வந்து உட்கார்ந்துவிடும்.

பழக வேண்டும் என்றால் ஹிதோகரா இருக்கிறது, தனி ஆளாகப் போய்ப் பாடுவது. இங்கே அதை யாரும் விசித்திரமாகப் பார்ப்பதில்லை. வார நாள் பகலில் கட்டணமும் குறைவு. மதிப்பெண் போடுகிற ‘சைதென்’னை மட்டும் அணைத்துவிடுங்கள், முதல் மாதத்தில் அந்த எண் எந்த உதவியும் செய்யாது, திரையில் ஓடுகிற கோடுகளையே பார்த்துக்கொண்டு பாட்டை விட்டுவிடுவீர்கள். எந்தப் பாட்டுக்கு எத்தனை இறக்கினோம் என்று கைபேசியில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். என்னிடம் நாற்பது பாட்டுக்கு அப்படிக் குறிப்பு இருக்கிறது, கேட்டால் தருகிறேன்.

வரும் ஞாயிறு காலை பத்து மணிக்கு டோக்கியோ நிஷிகசாயில் ஒரு அறை எடுத்திருக்கிறேன். அந்தத் தம்பியிடம் பேசிவிட்டேன், யோசித்துச் சொல்கிறேன் என்றான், நேற்று ராத்திரி ‘ப்ரிடெண்டர் எத்தனை இறக்கணும் அண்ணா?’ என்று மட்டும் செய்தி வந்தது. நான்கில் ஆரம்பிப்போம் என்று சொல்லியிருக்கிறேன். அறையில் இன்னும் நான்கு பேருக்கு இடம் இருக்கிறது, வருகிறவர்கள் சனிக்கிழமைக்குள் சொல்லுங்கள்.