மாடு மேய்ந்தது நிஜம், தூணைத்தான் நம்பக் கூடாது

‘17ஆம் நூற்றாண்டில் ரோம் இப்படித்தான் இருந்தது’ என்று தலைப்புப் போட்டு டச்சு ஓவியங்களைப் பகிர்கிறார்கள். தங்க வெயில், இடிந்த வளைவு, கழுதையோடு ஒரு இடையன். அழகில் குறையே இல்லை. ஆனால் அவற்றில் பல, ஊர் திரும்பியபின் பட்டறையில் உட்கார்ந்து தீட்டியவை. டச்சு ஓவியர் ஆல்பெர்ட் கைப் இத்தாலிப் பக்கமே போனதில்லை. போய் வந்த இன்னொரு ஓவியர் யான் போத்தின் படங்களைப் பார்த்தே அந்த வெயிலைப் பிடித்துக்கொண்டார். ரோமைப் பார்க்க வேண்டுமென்றால் ஓவியத்தை விட்டுவிட்டு, அங்கேயே உட்கார்ந்து வரைந்த தாள்களைத் தேடுங்கள்.

முதலில் டச்சு ஓவியர் மார்ட்டன் வான் ஹேம்ஸ்கெர்க். 1532இல் ரோம் போனவர், நாலைந்து வருடம் இருந்தார். அவர் வரைந்த தாள்கள் பெர்லினில் இரண்டு தொகுப்புகளாக இருக்கின்றன. பழைய புனித பேதுரு பேராலயம் பாதி இடிந்து நிற்க, அதன் மேலேயே புதியது எழும்புவதை அவற்றில் பார்க்கலாம். ரோமப் பேரரசர் செப்டிமியஸ் செவெரஸின் வெற்றி வளைவு மண்ணில் பாதி புதைந்து கிடக்கும். செப்டிசோடியம் என்ற அடுக்குத் தூண் முகப்பையும் வரைந்திருக்கிறார். போப் ஐந்தாம் சிக்ஸ்டஸ் 1588-89இல் அதை இடித்துக் கல்லை வேறு வேலைக்கு எடுத்துக்கொண்டார். இன்று அதன் உருவம் தெரிய இதுமாதிரித் தாள்களை விட்டால் வேறு வழியில்லை. ஒரு எச்சரிக்கை: அந்தத் தொகுப்புகளில் வேறு கைகளும் கலந்திருக்கின்றன, எல்லாமே ஹேம்ஸ்கெர்க் அல்ல.

இடிபாடுகளுக்கு நடுவே மேயும் மாடுகளைக் கற்பனை என்று ஒதுக்கிவிடாதீர்கள். பழைய ரோமின் மையத் திடலான ரோமானிய மன்றத்துக்கு (ஃபோரம்) அப்போது ‘காம்ப்போ வாச்சினோ’ என்றே பெயர், அதாவது மாட்டுத் திடல். சந்தேகப்பட வேண்டியது கட்டடங்களை. டிவோலியின் வட்டக்கோயில் ரோமிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர். அதுவும் கொலோசியமும் ஒரே படத்தில் பக்கத்தில் பக்கத்தில் நின்றால், ஓவியர் ஒட்டுப்போட்டிருக்கிறார்.

அச்சுப்படங்களில் இன்னொரு வம்பு. செப்புத்தகட்டில் வரைந்தபடியே கீறினால் தாளில் இடம் வலமாகத் திரும்பி விழும். கொலோசியத்தை வைத்தே இதைச் சோதிக்கலாம். அதன் உயரமான வெளிச்சுவர் வடக்குப் பக்கம் மட்டுமே மிஞ்சியிருக்கிறது. கான்ஸ்டன்டைன் வளைவுப் பக்கமிருந்து பார்த்தால் உயரம் இடப்புறம் இருக்க வேண்டும். வலப்புறம் இருந்தால் படம் திரும்பியிருக்கிறது.

கைவேலை என்று பார்த்தால் என் ஓட்டு டச்சு ஓவியர் பார்த்தலோமியஸ் ப்ரேன்பெர்குக்கு. 1619 முதல் ஏறக்குறைய பத்து வருடம் ரோமில் இருந்தவர். பேனாவால் கோடு, அதன்மேல் பழுப்பு மையைத் தண்ணீரில் கரைத்துத் தூரிகையால் நிழல். வெயிலுக்கு நிறமே கிடையாது, பூசாமல் விட்ட வெறும் தாள்தான் வெயில். அதனால் வெளிச்சம் எங்கே என்று முதலிலேயே முடிவு செய்தாக வேண்டும். மெல்லிய பூச்சு முதலில், அது காய்ந்தபின் வளைவின் உள்ளிருட்டு. ஈரம் காயுமுன் அடுத்ததை வைத்தால் விளிம்பு ஊறிப் பரவி, கல்லின் கூர்மை போய்விடும். வெளிச்சத்தில் மை வழிந்துவிட்டால் சுரண்டினாலும் பழைய வெண்மை வராது.

அந்தக் காலத்து மையும் ஒரு வில்லன். மாசிக்காயும் அன்னபேதியும் (ஒரு இரும்பு உப்பு) சேர்த்த மை எழுதியபின் காற்றுப் பட்டுக் கறுக்கும், வருடம் போகப்போகப் பழுப்பாகும். அதிலுள்ள அமிலமும் இரும்பும் தாளை அரிக்கும். கோடு அடர்ந்த இடத்தில் தாள் ஓட்டை விழுவது இதனால்தான். பழைய தாளில் பழுப்பைக் கண்டதும் ஓவியரின் நிறத்தேர்வை வியக்கிறவர்கள் கொஞ்சம் பொறுக்கலாம்.

நேரில் வரைவதில் பிடிவாதக்காரர் என்றால் டச்சு ஓவியரும் பயணியுமான கோர்னெலிஸ் டி ப்ருய்ன். 1704-05இல் பாரசீகத்தின் இடிந்த பழைய தலைநகரான பெர்செபோலிஸில் மூன்று மாதம் போலத் தங்கி வரைந்தார். முன்னால் வந்தவர்கள் தப்பாக வரைந்துவிட்டார்கள் என்று சண்டையும் பிடித்தார். போகும்போது அந்தக் கல்லிலேயே தன் பெயரைச் செதுக்கிவிட்டுப் போனார். அது இன்னும் இருக்கிறது.