கொறங்காட்டைத் தரிசு என்று சொல்லாதீர்கள்

காங்கேயம், தாராபுரம், மூலனூர் பக்கம் சித்திரை மாதத்தில் வருகிறவர்கள் காரில் இருந்தபடியே சொல்லிவிடுகிறார்கள்: "எத்தனை ஏக்கர் சும்மா கிடக்குது பாருங்க." கேட்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. அது சும்மா கிடக்கும் நிலம் இல்லை. தலைமுறை தலைமுறையாக மேய்ச்சலுக்கென்றே விட்டுவைத்திருக்கும் பட்டா பூமி, கொறங்காடு. காங்கேயம் மாடு உருவானதே இந்த மேய்ச்சலில்தான்.

அங்கே காய்ந்து நிற்பது கொழுக்கட்டைப் புல். மேலே சருகாகத் தெரிந்தாலும் தூர் உயிரோடுதான் இருக்கும். அதன் வேர் நல்ல ஆழத்துக்குப் போகும். அடித்தண்டிலும் உணவைச் சேர்த்து வைத்திருக்கும். அதனால்தான் ஒரு மழை விழுந்ததும் சில நாளிலேயே பச்சை கட்டுகிறது. ஆண்டு மழையே 600 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கிற மண்ணில் யாரும் விதைக்காமல், தண்ணீர் பாய்ச்சாமல் வருடா வருடம் தீவனம் தருகிற பயிர் வேறு எது? மாடு கடித்த இடத்தில் மறுபடி துளிர்க்க அதற்குக் கொஞ்சம் ஓய்வு வேண்டும், அவ்வளவுதான். அதற்காகத்தான் நம் பெரியவர்கள் காட்டைக் கிளுவை வேலியால் பட்டி பட்டியாகப் பிரித்து, படலைச் சாத்தி, மாற்றி மாற்றி மேய்த்தார்கள்.

நடுநடுவே நிற்கிற வெள்வேல மரமும் காரணத்தோடுதான் நிற்கிறது. அதன் நிழல் அடர்த்தி இல்லாதது, கீழே புல்லுக்கு வெயில் கிடைக்கும். கோடையில் புல் காயும்போது அதன் காய் உதிர்ந்து ஆட்டுக்குத் தீனியாகும்.

இதே புல்லைக் கடந்த நூற்றாண்டில் தீவனத்துக்காக அமெரிக்காவின் அரிசோனாவுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே அது பாலைவனத்தில் தானாகப் பரவி, காய்ந்ததும் தீப்பிடித்து, தீயே பழகாத பெரிய சகுவாரோ கள்ளிகளைக் கருக்குகிறது. புல் அதேதான், இடம்தான் வேறு. இங்கே இது மண்ணின் சொந்தப் புல். கூடவே மாடும் செம்மறியும் கவுதாரியும் முயலும் இருக்கின்றன.

இப்போது இந்த நிலங்களின் மேல்தான் எல்லோருக்கும் கண். மனைப் பிரிவு ஒருபக்கம், சூரிய மின்தகடு ஒருபக்கம். சூரிய மின்சாரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கட்டடக் கூரைகள் இத்தனை இருக்கும்போது புல்வெளியை ஏன் சுரண்ட வேண்டும்? அப்புறம், நல்ல மனதோடு மரக்கன்று லாரியோடு வருகிறவர்கள். அவர்களிடம் கெஞ்சியே கேட்கிறேன்: இங்கே நெருக்கமாக மரம் நட்டால் வெயில் இல்லாமல் புல் அழியும். வருவாய்த்துறைப் பதிவேட்டில் மேய்ச்சல் காடு என்று தனி வகை வேண்டும், அதைக் காப்பவருக்கு உதவித்தொகையும் வேண்டும்.

கொறங்காடு வைத்திருப்பவர்கள் ஏர் ஓட்டிவிடாதீர்கள். புல் மெலிந்திருந்தால் நல்ல காட்டிலிருந்து கதிரை உருவி வையுங்கள். புது விதை சரியாக முளைக்காது, சில மாதம் பழசாகட்டும். ஐப்பசி மழைக்கு முன்னால் மேலாகத் தூவுங்கள், ஆழத்தில் புதைந்தால் வராது. வேர் பிடிக்கும்வரை அந்தப் பட்டியில் மட்டும் மாட்டை விடாதீர்கள்.