அறுபதுக்கு மேல் கல்வெட்டும் மல்லிகையும்

ஓய்வு பெற்றவரைக் கண்டால் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "இனிமேலாவது பேசாம ரெஸ்ட் எடுங்க." எனக்கு இதில் உடன்பாடே இல்லை. அவசரமில்லாமல் ஒன்றின் பின்னால் போக நேரம் கிடைப்பதே இப்போதுதான். நான் போவது வரலாற்றின் பின்னாலும் செடிகளின் பின்னாலும். இரண்டுக்கும் கோடையைப் போல வாய்த்த காலம் வேறில்லை.

வெயில் ஏறுவதற்குள் தோட்ட வேலை முடிந்துவிட வேண்டும். கார்த்திகையில் முழங்கால் உயரத்துக்குக் கவாத்து செய்த மல்லிகை, சித்திரையில் கொத்துக் கொத்தாக மொட்டு விடுகிறது. வெண்டைக்கும் இந்த வெயில் பிடிக்கும். தொட்டி மண் காயாமல் இருக்கச் சருகு மூடாக்கு போதும். செம்பருத்தியில் மாவுப்பூச்சி வந்தால் தண்ணீரைப் பீய்ச்சி அடித்து, அப்புறம் வேப்பெண்ணெய்க் கரைசல்.

பதினொரு மணிக்கு மேல் வெளியே தலைகாட்ட முடியாது. அதுதான் கல்வெட்டு நேரம். கல்வெட்டு வாசகங்களை அச்சிட்டுத் தரும் 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' நூல் வரிசையின் முதல் தொகுதி 1890-இல் வெளிவந்தது. அந்தத் தொகுதிகளை இன்று வீட்டிலிருந்தே இணையத்தில் படிக்கலாம். புள்ளி வைக்காத மெய்யெழுத்துகள் முதலில் மிரட்டும், போகப் போகப் பழகிவிடும். சோழ மன்னர்கள் இராசகேசரி, பரகேசரி என்ற பட்டங்களை மாறி மாறிச் சூடியதால், வெறும் 'கோப்பரகேசரி' என்று இருந்தால் எந்த மன்னர் என்று சட்டென்று சொல்ல முடியாது. முன்னால் 'மதிரை கொண்ட', அதாவது மதுரையை வென்ற, என்று இருந்துவிட்டால் போதும், அது 907-இல் பட்டத்துக்கு வந்த முதலாம் பராந்தகன். அந்த ஒரு சொல் கண்ணில் படும் மத்தியானத்துக்கு ஈடாக எதைச் சொல்வது!

என்னை அதிகம் இழுப்பவை நந்தவனக் கல்வெட்டுகள். கோயிலுக்குப் பூ கொடுக்க நிலம் விட்டு, அதைப் பராமரிப்பவர்களின் சாப்பாட்டுக்கும் வழி செய்து, சந்திர சூரியர் உள்ளவரை நடக்க வேண்டும் என்று கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். காலையில் மல்லிகைக்குத் தண்ணீர் விட்ட கையோடு இதைப் படிக்கும்போது, பெயர் தெரியாத அந்தத் தோட்டக்காரர்கள் எனக்கு உறவுக்காரர்கள் ஆகிவிடுகிறார்கள். மன்னர்களின் போர்களைவிட அவர்கள் பாடுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. நம் பள்ளிப் பாடங்களில் அவர்களுக்கு இன்னும் இடம் வேண்டும்.

இந்தக் கல்வெட்டுகள் பலவற்றில் நிலத்தின் நான்கெல்லையும் இருக்கும்: இந்த வதிக்கு (நிலங்களுக்கு நடுவே போகும் பாதை) மேற்கு, அந்த வாய்க்காலுக்குத் தெற்கு என்று. இப்போது அப்படி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு வெயில் தாழ்ந்ததும் நடக்கிறேன். வாய்க்கால் பெயர் பழைய நிலப் பதிவேட்டில் கிடைத்துவிட்டது. வதி இன்னும் அகப்படவில்லை.