நாலு பேர் முன்னால் பேசிவிட்டால்

"நாய் கடிச்சா நாமளும் திருப்பிக் கடிக்க முடியுமா? விட்டுத் தள்ளு." நாலு பேர் முன்னால் ஒருவரை மட்டமாகப் பேசிவிட்டால், ஆறுதல் சொல்ல வருகிறவர்கள் முதலில் சொல்வது இதைத்தான். நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் யாரிடம் சொல்கிறார்கள் என்று பாருங்கள். மிராசுதாரை யாராவது பேசிவிட்டால் அவரிடம் போய் விட்டுத் தள்ளச் சொல்வதில்லை. பேசியவனைக் கூப்பிட்டு அதட்டுகிறார்கள். பொறுத்துப் போகச் சொல்வதெல்லாம் கூலிக்காரரிடம், கடன் வாங்கியவரிடம், மருமகளிடம், வரிசையில் நிற்பவரிடம்.

பொது இடத்தில் அவமானப்படுத்தினால் அங்கேயே, அப்போதே, ஒரு தடவை பதில் சொல்லிவிட வேண்டும் என்பது என் கருத்து. குரலை உயர்த்த வேண்டாம். அவர் பிறப்பையோ வீட்டுப் பெண்களையோ இழுக்க வேண்டாம். அந்தப் பதில் பேசியவருக்கு மட்டும் இல்லை, சுற்றி நின்று கேட்டவர்களுக்கும்தான். வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டால் நம்மைப் பெருந்தன்மைக்காரர் என்று யாரும் நினைப்பதில்லை. 'அவர் சொன்னது உண்மை போல' என்றுதான் ஊரில் பேச்சு நிற்கும்.

குறுவை அறுவடை சமயம். எங்கள் பக்கத்து அரசு நெல் கொள்முதல் நிலையம் ஒன்றில் என் சித்தப்பா நெல்லைக் கொட்டிவிட்டு முறைக்காகக் காத்திருந்தார். மேகம் கட்டிக்கொண்டு வந்தது. "எப்ப சார் எடை போடுவீங்க?" என்று கேட்டார். அங்கிருந்த ஊழியர் களமே கேட்கும்படி, "உனக்குன்னு தனியாவா திறந்து வச்சிருக்கு? ஒண்ணும் தெரியாம நெல்லைத் தூக்கிட்டு வந்துடறது" என்றார். பேசியவருக்கு சித்தப்பா மகன் வயதுதான் இருக்கும்.

சித்தப்பா நின்ற இடத்திலேயே நின்று சொன்னார்: "சார், முதல்ல நீங்கன்னு பேசுங்க. ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள்ளதான் இருக்குன்னு உங்க மெஷின்லயே பார்த்தாச்சு, இவங்க எல்லாரும் பார்த்தாங்க. மழை வருது. எடை எப்பன்னு மட்டும் சொல்லுங்க." அப்புறம் நகரவே இல்லை. பின்னால் இருந்த இன்னும் இரண்டு பேர் அதே கேள்வியைக் கேட்டார்கள். கொஞ்ச நேரத்தில் "நீங்க" வந்தது, நேரமும் சொல்லப்பட்டது.

அவமானப் பேச்சின் வேலையே கேட்ட கேள்வியை மறக்கடிப்பதுதான். நெல்லைப் பற்றி இருந்த பேச்சு நம் அறிவைப் பற்றியதாக மாறிவிடுகிறது. நாமும் அவருடைய யோக்கியதையைப் பேசப் போனால் நெல் களத்திலேயே நனையும். சித்தப்பா மரியாதையைக் கேட்டு வாங்கினார், உடனே நெல்லுக்குத் திரும்பிவிட்டார். அந்த நிதானம் எனக்கு இன்னும் பெரிய ஆச்சரியம்.

கீழத்தஞ்சைக்கு, அதாவது இன்றைய திருவாரூர், நாகப்பட்டினம் பக்கத்துக்கு, இந்தக் கேள்வி புதிதில்லை. அன்றைய பண்ணையார்கள் பண்ணையாட்களைச் சவுக்கால் அடித்ததும், சாணியைக் கரைத்த சாணிப்பாலைக் குடிக்க வைத்ததும் மற்றவர்கள் பார்த்துப் பயப்பட வேண்டும் என்பதற்காகத்தான். 1940-களில் இங்கே வந்து விவசாயச் சங்கம் கட்டிய கம்யூனிஸ்ட் தலைவர் பி. சீனிவாசராவ், 'டேய் என்று கூப்பிட்டால் நீயும் டேய் என்று கூப்பிடு, அடித்தால் திருப்பி அடி' என்று சொல்லிக்கொடுத்ததாகத் திருத்துறைப்பூண்டிப் பக்கம் இன்றும் சொல்வார்கள். சங்கமாகச் சேர்ந்து நின்ற பிறகுதான், 1944 ஒப்பந்தத்தில், சவுக்கடியும் சாணிப்பாலும் இனி இல்லை என்று பண்ணையார்கள் ஒப்புக்கொண்டார்கள். அன்றைக்கு அந்த மக்கள் நம்பி நிற்கும்படி எந்தச் சட்டமும் கைகொடுக்கவில்லை. அவர்களிடம் போய் யார் பொறுமையைப் பேச முடியும்?

இன்றைக்குச் சட்டம் இருக்கிறது. சாதியைச் சொல்லித் திட்டுவதைத் தனிப்பட்ட மனவருத்தமாக எடுத்துக்கொண்டு சமாதானம் பேசவே கூடாது. பட்டியல் சாதியினரையோ பழங்குடியினரையோ அந்தப் பிரிவுகளைச் சேராத ஒருவர், பிறர் பார்வையில் படும் இடத்தில், இழிவுபடுத்தும் நோக்கத்தோடு அவமதிப்பதும், சாதிப் பெயரால் திட்டுவதும் 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3-ஆம் பிரிவில் குற்றம். 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை. அப்படி ஏதாவது நடந்தால் அன்று இரவே பேசிய வார்த்தைகளை அப்படியே எழுதி வையுங்கள். இடம், நேரம், யார் யார் பக்கத்தில் இருந்தார்கள் என்பதும் வேண்டும். ஒன்று மட்டும் செய்யாதீர்கள், கை ஓங்காதீர்கள். பேசியவர் பல நேரம் அதற்குத்தான் காத்திருப்பார். அடி விழுந்த நொடியில் அவர் புகார்தாரர் ஆகிவிடுவார், நாம் ஸ்டேஷன் வாசலில் நிற்போம்.

பெண்கள் குழுவாகச் சேர்ந்து வாங்கும் குழுக் கடனின் வசூல் தனிக் கொடுமை. தவணை தவறினால் வாசலில் வந்து உட்கார்ந்து தெருவே கேட்கக் கத்துகிறார்கள். வெளியூர் வேலைக்குப் போன கணவருக்கும் சேர்த்து அந்தப் பெண்தான் பேச்சு வாங்குகிறாள். அக்கா தங்கைகளே, கடன்பட்டிருப்பது பணம்தான், மானம் இல்லை. இந்த மாதிரி நுண்கடன் வசூலில் மிரட்டுவது, கெட்ட வார்த்தை பேசுவது, உறவினரைத் தொந்தரவு செய்வது, காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் போன் செய்வது எல்லாவற்றையும் ரிசர்வ் வங்கியின் விதிகள் தடுக்கின்றன. அடையாள அட்டையைக் கேளுங்கள். பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு அருகில் நிறுத்துங்கள். பக்கத்து வீட்டுக்காரர்களே, கதவைச் சாத்திக்கொள்ளாதீர்கள். நீங்கள் வந்து சும்மா நின்றாலே குரல் பாதியாகிவிடும்.

குடித்துவிட்டுப் பேசுகிறவரிடம் பதில் வேண்டாம், மறுநாள் பார்த்துக்கொள்ளலாம். துக்க வீட்டில் பேசினாலும் சரி, அன்றைக்கு விட்டுவிடலாம். மற்ற இடங்களில் விட்டுவிட வேண்டாம்.

அப்புறம் இந்த மன்னிப்பு விஷயம். சந்தையில் வைத்துப் பேசியவர், ஒரு மாதம் கழித்து இருட்டிய பிறகு வீட்டுக்கு வந்து கையைப் பிடித்துக்கொண்டு "மனசுல வச்சுக்காதீங்க" என்பார். காபி கொடுத்து உட்கார வையுங்கள். மனதில் வைத்துக்கொள்ளவில்லை என்றும் சொல்லுங்கள். ஆனால், பேசியது சந்தையில்தானே, சந்தை கூடும் வியாழக்கிழமை அங்கேயே வந்து அதே ஆட்கள் முன்னால் இந்த வார்த்தையைச் சொல்லிவிடுங்கள் என்றும் கேளுங்கள்.