"பாத்து எழுதுன பேட்ச்" என்று இனி எந்த மேடையிலும் சொல்லாதீர்கள்

ஞாயிற்றுக்கிழமை வேலைவாய்ப்பு முகாமில் நடந்ததை எல்லாரும் வீடியோவில் பார்த்திருப்பீர்கள். அதை மறுபடி இங்கே போட மனமில்லை. பேசியவர் பெயரும் வேண்டாம். "2020, 2021ல டிகிரி முடிச்சவங்க கையத் தூக்குங்க" என்றார். பிள்ளைகள் நம்பித் தூக்கினார்கள். "ஓ, நம்ம பாத்து எழுதுன பேட்ச்சா" என்றார். கொரோனா காலத்தில் வீட்டிலிருந்தே தேர்வு எழுதியவர்கள், அதனால் புத்தகத்தைப் பார்த்து எழுதிப் பாஸ் ஆனவர்கள் என்று அர்த்தம். அரங்கமே சிரித்தது. தூக்கிய கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. முன்வரிசையில் இருந்த பேராசிரியர்களும் சேர்ந்து சிரித்ததுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அந்தப் பிள்ளைகள் படிக்காமல் பாஸ் ஆனவர்கள் இல்லை. படிப்பதற்கு எந்த வசதியும் இல்லாத இடத்தில் உட்கார்ந்து படித்தவர்கள். இந்தப் பதிவில் இதையேதான் திரும்பத் திரும்பச் சொல்லப் போகிறேன்.

2020 மார்ச் 17ல் கல்லூரிகளை மூடியபோது 31ம் தேதி வரைக்கும்தான் என்றார்கள். விடுதிப் பிள்ளைகள் மாற்றுத்துணியை மட்டும் எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனார்கள். புத்தகம், ரெக்கார்டு நோட்டு எல்லாம் அறையிலேயே கிடந்தன. மார்ச் 25ல் தமிழ்நாட்டின் முதல் கொரோனா மரணம் நம் மதுரை ராஜாஜி ஆஸ்பத்திரியில்தான் நடந்தது. ஜூன் 24ல் மதுரைக்கு மறுபடி முழு ஊரடங்கு போட்டார்கள். பல விடுதிகள் சிகிச்சை மையம் ஆகிவிட்டன. உள்ளே விட்ட நோட்டை எடுக்கவே மாதக்கணக்கானது.

ஆன்லைன் வகுப்பு என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். கணக்கைப் பாருங்கள். அன்றைக்குப் பெரும்பாலான வீடுகளில் இருந்தது தினமும் 1.5 ஜிபி தரும் 28 நாள் ரீசார்ஜ், 199 ரூபாய். வீடியோ ஓடும் ஒரு மணி நேர வகுப்பு அரை ஜிபியிலிருந்து ஒரு ஜிபி வரை இழுக்கும். காலையில் இரண்டு வகுப்பு, மூன்றாவதில் பாதி, அதோடு அன்றைய டேட்டா தீர்ந்தது. அதற்குப் பிறகு கிடைப்பது 64 கேபிபிஎஸ் வேகம். ஆசிரியரின் குரல் துண்டு துண்டாக வரும், கொஞ்ச நேரத்தில் இணைப்பே அறுந்துவிடும். வருகைப்பதிவை ஸ்கிரீன்ஷாட்டில் எடுத்தவர்களுக்கு அந்தப் பிள்ளை ஆப்சென்ட். இதில் அந்த போன் அப்பாவுடையதாக இருந்தால் வேறு கதை. அவர் வேலைக்குப் போனால் போனும் கூடவே போய்விடும். அக்கா, தம்பி இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் வகுப்பு என்றால் ஒருவர் விட்டுக்கொடுக்க வேண்டும். பல வீடுகளில் விட்டுக்கொடுத்தது பெண்பிள்ளை.

பாடத்தைப் பேசிப் பதிவு செய்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தால் ஒரு மணி நேரப் பேச்சு பதினைந்து எம்பியைத் தாண்டியிருக்காது. ராத்திரி அப்பா வந்த பிறகு கேட்டுக்கொள்ளலாம். சில ஆசிரியர்கள் அப்படித்தான் செய்தார்கள், அவர்களைக் கும்பிட வேண்டும். பல நிர்வாகங்கள் கேமராவை ஆன் செய், நேரத்துக்கு வா என்றே நின்றன.

இனி தேர்வுக்கு வருகிறேன். "வீட்ல உக்காந்து ஜாலியா எழுதுனாங்க" என்கிறார்களே, அந்த ஜாலியைச் சொல்கிறேன்.

காலை 9.30க்கு வினாத்தாள் மெயிலிலோ வாட்ஸ்அப்பிலோ வரும். பத்து மணிக்குத் தொடங்கி மூன்று மணி நேரம். ஏ4 தாள், ஒவ்வொரு பக்கத்திலும் பதிவு எண், பாடக்குறியீடு, தேதி, கையெழுத்து. முழு ஊரடங்கில் ஜெராக்ஸ் கடையே திறக்காதபோது ஏ4 தாள் எங்கே கிடைக்கும்? பழைய ரெக்கார்டு நோட்டின் வெள்ளைப் பக்கத்தை அளவெடுத்து வெட்டி எழுதியவர்கள் உண்டு. எழுதி முடித்ததும் முப்பது பக்கத்தையும் போட்டோ எடுக்க வேண்டும். டியூப்லைட்டுக்குக் கீழே எடுத்தால் கையின் நிழல் எழுத்து மேலே விழும். வெயிலில் எடுத்தால் தாள் வெளிறிப் போகும். ஒரு படம் மூன்று நான்கு எம்பி, முப்பது பக்கம் நூறு எம்பியைத் தொட்டுவிடும். ஏற்றவேண்டிய பிடிஎஃப்புக்கோ அளவு வரம்பு உண்டு. சுருக்கினால் எழுத்து மங்கும், சுருக்காவிட்டால் ஏறாது. தாளைப் படமெடுத்து பிடிஎஃப் ஆக்க எல்லாரும் பழகி வைத்திருந்த கேம்ஸ்கேனர் செயலியை 2020 ஜூன் கடைசியில் தடை செய்துவிட்டார்கள். வேறு செயலி தேடிப் பழகியது தேர்வு நெருங்கிய நேரத்தில்.

அடுத்தது அப்லோடு. போனில் சிக்னல் கோடு நிறைய இருக்கும், ஃபைல் போகாது. டவரின் சக்தி பெரிது, அது அனுப்புவது போனுக்கு வந்து சேரும். போனின் சக்தி சிறிது, அது திருப்பி அனுப்புவது தூரத்து டவருக்கு ஒழுங்காகப் போய்ச் சேராது. படம் பார்க்க முடிகிற ஊரில் பதில்தாள் ஏற்ற முடியாமல் போனது இதனால்தான். அந்த டவரை நம்பி நாலைந்து ஊர்ப் பிள்ளைகள் ஒரே நேரத்தில் அனுப்புவார்கள். கரண்ட் போய் டவரின் பேட்டரியும் இறங்கினால் மொத்தமும் போச்சு. ஏறிவிட்டாலும் முடியவில்லை. பல இடங்களில் அசல் தாளையும் அன்றைக்கே ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பச் சொன்னார்கள். கிராமத்துக் கிளை அஞ்சலகம் சில மணி நேரம்தான் திறந்திருக்கும். அதை விட்டால் உசிலம்பட்டிக்கோ திருமங்கலத்துக்கோ போக வேண்டும். 2021 மே 10ல் முழு ஊரடங்கு வந்த பிறகு பஸ் எங்கே ஓடியது?

எழுமலைப் பக்கம் ஒரு பிள்ளை, பி.எஸ்சி. வேதியியல். அப்பா வெளியூரில் முறுக்கு கம்பெனியில் இருந்தவர், ஊரடங்கில் வெறுங்கையோடு திரும்பி வந்தார். மல்லிகை மொட்டு விரிவதற்குள் பறித்தாக வேண்டும், அதனால் விடிவதற்கு முன்பே அம்மாவோடு கொல்லைக்குப் போவாள். கோயில் பூட்டிக் கிடந்தது, கல்யாணத்துக்குக் கூட்டம் இல்லை, பூவுக்கு விலையும் இல்லை. பறித்துப் போட்டுவிட்டு வந்து பத்து மணிக்குத் தேர்வு. முடித்ததும் கண்மாய்க்கரை மேட்டில் ஏறி நின்றால்தான் ஃபைல் போகும். அந்தப் பிள்ளையைத்தான் அந்த மேடை "பாத்து எழுதுன பேட்ச்" என்றது.

"சரி, பார்த்து எழுதினார்களா இல்லையா, அதைச் சொல்லுங்கள்" என்பீர்கள். எழுதினார்கள். நிறையப் பேர் எழுதினார்கள். வினாத்தாளை அமைத்தது அவர்களா? வரையறு, குறிப்பு வரைக, வேறுபடுத்துக என்று மனப்பாடத்தைச் சோதிக்கும் பழைய தாளையே வீட்டுக்கு அனுப்பிவிட்டு, புத்தகத்தைத் திறக்காதே என்றால் எப்படி? உங்கள் ஊர்க் கண்மாய்த் தண்ணீரின் கடினத்தன்மையை அறிய என்ன செய்வாய், எந்த இடத்தில் பிழை வரும், ஏன் என்று கேட்டிருந்தால் எந்தப் புத்தகத்தைப் பார்த்தும் அப்படியே எழுத முடியாது. அப்படிக் கேட்க யாரும் மெனக்கெடவில்லை. மெனக்கெடாதவர்களை விட்டுவிட்டுப் பிள்ளைகளைத் திட்டுகிறோம்.

பொறியியல் பிள்ளைகளுக்கு முதலில் பார்த்து எழுத வழியே வைக்கவில்லை. 2021 பிப்ரவரியில் நடந்த பருவத்தேர்வு ஒரு மணி நேரம், கொள்குறி வினாக்கள், கேமரா ஆன். முகம் திரும்பினாலோ, பின்னால் இன்னொரு முகம் தெரிந்தாலோ, பக்கத்தில் பேச்சுச் சத்தம் கேட்டாலோ மென்பொருள் குறித்துக்கொள்ளும். ஒற்றை அறை வீட்டில் அம்மா குறுக்கே போகாமல் எப்படி இருப்பார்? பெரும் எண்ணிக்கையில் முடிவுகள் நிறுத்திவைக்கப்பட்டன, ஏராளமானோர் தோல்வி என்று வந்தது. ஆட்சி மாறிய பிறகு மறுதேர்வு அறிவித்தார்கள். மறுபடி படித்து மறுபடி எழுதினார்கள். எந்த மேடையும் இதைச் சொல்லவில்லை.

"ஆல் பாஸ் போட்டார்களே" என்பது அடுத்த கேள்வி. 2020 ஆகஸ்டில் அறிவித்தது அரியருக்கு, அதாவது முன்பு தோற்ற பாடத்தை மறுபடி எழுத, கட்டணம் கட்டியவர்களுக்கு. அதுவும் உயர்நீதிமன்றம் வரை போனது. இறுதிப் பருவத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. தேர்வு இல்லாமல் பட்டம் கூடாது என்று உச்சநீதிமன்றம் ஆகஸ்ட் 28ல் சொன்னது, 2020ல் முடித்தவர்கள் தேர்வு எழுதித்தான் முடித்தார்கள். இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுகிறவர்களுக்கு இதைப் படித்துப் பார்க்கும் பொறுமைகூட இல்லை.

"அரசு தினமும் 2 ஜிபி கொடுத்ததே" என்றும் ஒரு நண்பர் எழுதியிருந்தார். கொடுத்தது, நன்றி. அறிவித்தது 2021 ஜனவரியில், 9,69,047 மாணவர்களுக்கு, ஏப்ரல் வரை. பிள்ளைகள் தவித்தது 2020 ஏப்ரலிலிருந்து. பிப்ரவரி 8ல் கல்லூரியே திறந்துவிட்டது. டவர் எட்டாத ஊருக்கு டேட்டா கார்டு எதற்கு?

"2021 நவம்பரில் ஆன்லைன் தேர்வுதான் வேண்டும் என்று மதுரையில் போராடியது இவர்கள்தானே?" இல்லை, 2021 வரை முடித்தவர்கள் அதற்குள் கல்லூரியை விட்டுப் போய்விட்டார்கள், போராடியது அவர்களுக்குப் பின்னால் படித்த பிள்ளைகள். நேரடித் தேர்வு வேண்டும் என்பது சரிதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ஒன்றரை வருஷமாகப் பேனாவோடு தேர்வு அறையில் உட்காராத பிள்ளையை, செப்டம்பரில் கல்லூரியைத் திறந்து சில மாதத்திலேயே உட்கார வைத்தால் பயப்படும். பயந்த பிள்ளையிடம் பேசுவதற்குப் பதில் வழக்குப் போட்டோம்.

உண்மையான இழப்பு செய்முறையில்தான். அதையாவது அந்த மேடையில் பேசியிருக்கலாம். வேதியியல் ஆய்வகத்தில், திரவத்தைச் சொட்டுச் சொட்டாக அளந்து விடும் கண்ணாடிக் குழாயான பியூரெட்டை இடது கையால் திருகி, வலது கையால் கூம்புக் குடுவையைச் சுழற்றி, கடைசியில் ஒவ்வொரு சொட்டாக விட்டு, வெளிர் ரோஜா நிறம் நிலைத்து நிற்கும் இடத்தில் நிறுத்த வேண்டும். ஒரு சொட்டு கூடினால் அடர்ந்துவிடும், அந்த அளவீடு வீண். வீடியோவில் பார்த்தால் அது புரியும், கைக்கு வராது. ஆனால் அது சில வாரப் பயிற்சியில் வந்துவிடும் திறமை. 2020 டிசம்பரில் முதலில் திரும்பி வந்த இறுதியாண்டுப் பிள்ளைகள் ஆய்வகத்தை விட்டு வெளியே போகவே மனமில்லாமல் நின்றார்கள். கற்றுக்கொடுக்க ஆள் இருந்தால் கற்றுக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தார்கள், இன்றைக்கும் இருக்கிறார்கள்.

2021 ஆகஸ்டில் ஒரு தனியார் வங்கியின் மதுரை நேர்காணல் விளம்பரத்தில், 2021ல் முடித்தவர்கள் தகுதியற்றவர்கள் என்றே அச்சடித்திருந்தது நினைவிருக்கிறதா? எதிர்ப்பு வந்ததும் அச்சுப்பிழை என்றார்கள். அன்றைக்குக் கோபப்பட்ட ஊர், ஞாயிற்றுக்கிழமை சிரித்திருக்கிறது.

ஆள் எடுக்கிறவர்களுக்குச் சந்தேகம் இருந்தால் சோதியுங்கள். வேதியியல் என்றால் ஒரு பியூரெட்டைக் கையில் கொடுங்கள். கணக்கியல் என்றால் ஒரு மாத வரவுசெலவைக் கொடுத்து இருப்புநிலைக் குறிப்பு எடுக்கச் சொல்லுங்கள். அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். தெரியாதவரை அனுப்பிவிடுங்கள், யாரும் கேட்கப்போவதில்லை. பட்டம் வாங்கிய வருஷத்தைப் பார்த்து அனுப்பாதீர்கள்.

அந்த வீடியோவைச் சிரிப்புப் படம் போட்டுப் பகிர்ந்திருக்கும் முன்னாள் மாணவர் குழுக்கள் அதை எடுத்துவிட வேண்டும். இன்று ராத்திரிக்குள் எடுக்காத குழுவில் நான் இருக்கமாட்டேன். அடுத்த முகாமுக்கு அதே பேச்சாளரை அழைத்தால் ஏற்பாட்டாளர்களுக்கு எங்கள் துறைப் பிள்ளைகளை அனுப்ப வேண்டாம் என்று எழுத்தில் கொடுக்கப் போகிறேன். கூட நிற்கிறவர்கள் உள்பெட்டியில் சொல்லுங்கள்.