குச்சின்னு சிரிச்சவங்களுக்கு

காசல்ரீ நீர்த்தேக்கத்துல நம்ம தோட்டத்துப் பசங்க பாய்ப் படகு ஓட்டிப் பழகுற வீடியோவுக்குக் கீழ வந்த கொமெண்டை நீங்களும் பார்த்திருப்பீங்க. "ஸ்டியரிங் கூட இல்லாத படகுல குச்சியைப் பிடிச்சுக்கிட்டு என்னா ஸ்டைலு!" அதைத் திரும்பப் போட்டு விளம்பரம் குடுக்கப் போறதில்ல. ஆனா பதில் சொல்லாம எனக்குத் தூக்கம் வராது.

பாய்ப் படகுல குச்சி வைக்கிறது காசில்லாம இல்லீங்க. ஒலிம்பிக்ல ஓடுற டிங்கிங்கிற சின்னப் பாய்ப் படகுகளே குச்சியிலதான் ஓடுது. சுக்கான்னா தண்ணிக்குள்ள நின்னு படகைத் திருப்புற பலகை. அதோட தலையில நேரா மாட்டின கட்டைதான் இந்தக் குச்சி, இங்கிலீஷ்ல டில்லர். நடுவுல வயரும் கிடையாது கப்பியும் கிடையாது. இடப்பக்கம் தள்ளினா படகு வலப்பக்கம் திரும்பும். காத்து திடீர்னு ஏறிப் படகு சாயுதுன்னு வைங்க, மூக்கு காத்துப் பக்கமே திரும்பப் பார்க்கும், குச்சி கையை இழுக்கும். அந்த இழுப்பு வந்தாலே பாய்க்கயிறைத் தளர்த்தணும்னு பையனுக்குப் புரிஞ்சிரும். மலை இடுக்கால காத்து மாறி மாறி அடிக்கிற இடத்துல பழகுறவனுக்கு வேற வாத்தியார் எதுக்கு?

"பெரிய படகுல ஸ்டியரிங்தானே?" ஆமா. சுக்கானோட பாரம் கைக்கு அடங்காதப்போ சக்கரம் வேணும், யாரு இல்லேன்னா? அதுக்காக பதினாலடிப் படகுக்கும் சக்கரமா? கொழுந்துக் கூடைக்கு லொறி டயர் பூட்டுங்க.

பொல்கொடை ஏரியில ஒரு சக்கரம் வச்ச படகுல வேலை செஞ்சிருக்கேன். முதலாளி எங்களைச் சக்கரத்தைத் தொடவே விடமாட்டார். ஒருநாள் சக்கரம் சும்மா சுத்துது, படகு அது பாட்டுக்குப் போகுது. உள்ள வயர் அறுந்திருச்சு. "எமர்ஜென்சி டில்லர்! எமர்ஜென்சி டில்லர்!"னு அவசரக் குச்சியைக் கேட்டுக் கத்துறார். பின்தளத்துல இருக்கிற வட்ட மூடி இறுகிப்போய்க் கிடக்கு. அதைக் குறடால திருகித் திறந்து, சுக்கான் தண்டோட சதுரத் தலையில இரும்புக் குச்சியைச் செருகினது யாரு? அவர் "தோட்டத்துப் பையா"ன்னு கூப்பிட்ட நான்தான். சக்கரம் வச்ச படகுலயும் பெட்டிக்குள்ள ஒரு குச்சி தூங்குது சார்.

டைட்டானிக்ல சக்கரம்தான் இருந்திச்சு. 1912ல அதுல போட்ட கட்டளை கூட குச்சிக் கணக்குலதான், வலப்பக்கம்னு சொன்னா கப்பல் இடப்பக்கம் திரும்பும். பிரிட்டிஷ் கப்பல்கள்ல 1933லதான் அந்த முறையை மாத்தினாங்க. இதெல்லாம் எதுக்கு சொல்றேன்னா, குச்சியைப் பார்த்துச் சிரிக்கிறதுக்கு முந்தி கொஞ்சம் படிச்சிட்டு வரலாம்.

"ஒரு பகிடிக்கு இவ்வளவு கோவமா அண்ணே?"ன்னு ஒரு தம்பி இன்பாக்ஸ்ல கேட்டான். ஸ்டியரிங்கோட நிறுத்தியிருந்தா நானும் சிரிச்சிட்டுப் போயிருப்பேன் தம்பி. கடைசி வரியை வாசிச்சியா? "தேயிலை பறிக்கிறவங்களுக்குத் தண்ணியைப் பத்தி என்ன தெரியும்"னு இருந்திச்சே? மவுசாக்கலையில மின்சாரத்துக்காக அணை கட்டினப்போ பழைய மஸ்கெலியா டவுனே தண்ணிக்குள்ள போச்சு. தண்ணி வத்துற காலத்துல கோயில் இன்னும் வெளிய தெரியுது. அந்த மின்சாரத்துல போனை சார்ஜ் போட்டுக்கிட்டு எழுதுறாரு, எங்களுக்குத் தண்ணி தெரியாதாம்!

கீழ யாரும் "பெரிய கப்பல்ல எல்லாம்…"னு ஆரம்பிக்காதீங்க. மேலயே சொல்லிட்டேன்.