ரஸ் ரோஸும் பென் ஸ்டேட் காத்திருந்த இருபது ஆண்டுகளும்

அமெரிக்கக் கல்லூரி வாலிபாலில் பயிற்சியாளர் ரஸ் ரோஸ் என்ற பெயரைச் சொன்னால் உடனே 109 என்ற எண்ணைத்தான் சொல்வார்கள். 2007 செப்டம்பர் முதல் 2010 செப்டம்பர் வரை அவருடைய பென் ஸ்டேட் (பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகம்) பெண்கள் அணி தொடர்ச்சியாக வென்ற ஆட்டங்களின் எண்ணிக்கை அது. ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் ஓர் ஆட்டத்தில்கூடத் தோற்கவில்லை. பெரிய சாதனைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் 1979இல் தொடங்கி 2021இல் முடிந்த 43 பருவங்களின் உழைப்பை அந்த ஓர் எண்ணுக்குள் அடைத்துவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. அவருடைய பணிக்காலத்தில் நான் முதலில் மதிப்பது தேசியப் பட்டம் எதுவும் கிடைக்காத முதல் இருபது ஆண்டுகளைத்தான். அந்த இருபது ஆண்டுகளும் அவரை வைத்திருந்த பல்கலைக்கழகத்துக்கும் அதில் சரிபாதிப் பெருமை உண்டு என்பது என் உறுதியான கருத்து.

1979இல் அவர் பென்சில்வேனியாவின் நடுப்பகுதியில் இருக்கும் ஸ்டேட் காலேஜ் என்ற ஊருக்கு வந்தபோது அவருக்கு வயது 25. கல்வி நிலையங்களில் பால் வேறுபாடு காட்டக்கூடாது என்ற டைட்டில் ஒன்பது சட்டம் 1972இல் வந்திருந்தது. அதன் பிறகுதான் அமெரிக்கக் கல்லூரிகளில் பெண்கள் விளையாட்டுக்குப் பணமும் மைதானமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கிடைக்கத் தொடங்கின. பென் ஸ்டேட் பெண்கள் அணி முழு அங்கீகாரம் பெற்றதே 1976இல்தான். கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்சிஏஏ அமைப்பின் பெண்களுக்கான தேசிய வாலிபால் போட்டி 1981இல் முதன்முதலாக நடந்தது. அதாவது, இவர் வேலையில் சேர்ந்தபோது இன்று நாம் பார்க்கும் அந்தப் பட்டமே இல்லை.

பட்டம் வந்த பிறகும் அது மேற்குக் கரையின் சொத்தாகவே இருந்தது. தெற்கு கலிபோர்னியா, ஹவாய், யுசிஎல்ஏ, பசிபிக், லாங் பீச் ஸ்டேட், ஸ்டான்ஃபோர்டு என்று அந்தப் பக்கத்து அணிகளே மாறி மாறி வென்றன. இடையில் 1988இல் டெக்சாஸும் 1995இல் நெப்ராஸ்காவும் வென்றன, அவ்வளவுதான். காரணம் எளிது. கலிபோர்னியாவில் கடற்கரையெங்கும் வலை கட்டி ஆடுவார்கள், சிறுவயதிலேயே கிளப்புகளில் சேர்ந்து தேறிவிடுவார்கள். அங்கிருக்கும் பயிற்சியாளருக்கு ஆள் தேட அலைய வேண்டிய தேவை குறைவு. பனி கொட்டும் மலைப்பள்ளத்தாக்கில், அமெரிக்கக் கால்பந்தே மதம் போல இருக்கும் ஊரில், வாலிபால் அணி கட்டுவது வேறு வேலை. பதினெட்டு வயதுப் பெண்ணிடம் கலிபோர்னிய வெயிலை விட்டுவிட்டு இங்கே வா என்று எப்படிச் சொல்வது?

ரோஸ் அணியைக் கட்டினார். 1981 முதல் தன் பணிக்காலம் முடியும் வரை ஓர் ஆண்டுகூடத் தவறாமல் தேசியப் போட்டிக்கு அணியைக் கொண்டுபோனார். அட்லாண்டிக் 10 என்ற சிறிய கூட்டமைப்பில் தொடர்ந்து வென்றார். 1991இல் பிக் டென் கூட்டமைப்புக்கு மாறியதும் அங்கும் வெல்லத் தொடங்கினார். ஆனால் தேசியப் பட்டம் மட்டும் கைக்கு வரவில்லை. 1993இல் இறுதியாட்டத்தில் லாங் பீச் ஸ்டேட்டிடம் தோல்வி. 1997இல் ஸ்டான்ஃபோர்டிடம் ஐந்து செட் ஆடித் தோல்வி.

1998 இறுதியாட்டத்தை இன்று நினைத்தாலும் எனக்கு நெஞ்சு கனக்கிறது. பென் ஸ்டேட் அந்தப் பருவத்தில் ஒரு தோல்விகூட இல்லாமல் இறுதிக்கு வந்தது. எதிரே லாங் பீச் ஸ்டேட், அதுவும் தோல்வியே இல்லாமல் வந்தது. அந்த அணியின் செட்டர் (அடிப்பவருக்குப் பந்தைத் தூக்கிக் கொடுப்பவர்) மிஸ்டி மே, பின்னாளில் கடற்கரை வாலிபாலில் மூன்று ஒலிம்பிக் தங்கம் வென்றவர். ஆட்டம் ஐந்தாவது செட் வரை போனது. பென் ஸ்டேட் தோற்றது. பருவம் முழுவதும் ஒரே ஒரு தோல்வி, அதுவும் கடைசி ஆட்டத்தில்.

பணிக்கு வந்து 20 பருவங்கள் முடிந்துவிட்டன. மூன்று இறுதியாட்டங்கள், மூன்றும் தோல்வி. இன்றைய மனநிலையில் என்ன சொல்லியிருப்பார்கள்? "இவருக்குப் பெரிய ஆட்டத்தை வெல்லத் தெரியாது" என்பார்கள். வேறு யாரையாவது பார்க்கலாம் என்று நிர்வாகத்துக்கு யோசனை சொல்லப் பத்துப் பேராவது வந்திருப்பார்கள். பென் ஸ்டேட் அவரை மாற்றவில்லை. மறு ஆண்டே, 1999 டிசம்பரில், ஹொனலூலுவில் ஸ்டான்ஃபோர்டை நேர் செட்களில் வென்று முதல் பட்டத்தைக் கொண்டுவந்தார். அந்த ஸ்டான்ஃபோர்டு அணியில் இருந்தவர் கெரி வால்ஷ், அதே மிஸ்டி மேயோடு ஜோடி சேர்ந்து பின்னர் அந்த மூன்று தங்கங்களையும் வென்றவர். மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே இருக்கும் ஒரு பல்கலைக்கழகம் அந்தப் பட்டத்தை வென்றது அதுவே முதல்முறை.

அவருடைய வழிமுறையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஆட்டத்தின்போது அவரைப் பார்த்தவர்களுக்கு நன்றாகத் தெரியும்: எழுந்து நின்று கத்திக்கொண்டிருக்கும் ரகம் இல்லை. பெஞ்சில் உட்கார்ந்து, மடியில் தாளை வைத்து, ஒவ்வொரு பந்துக்கும் தன் கையாலேயே குறித்துக்கொண்டிருப்பார். பக்கத்தில் கணினியோடு உதவியாளர்கள் வந்த காலத்திலும் அந்தப் பழக்கத்தை அவர் விடவில்லை. இது எங்கிருந்து வந்தது என்றால், அவர் படித்து ஆடிய ஜார்ஜ் வில்லியம்ஸ் கல்லூரியில் அவருக்குப் பயிற்சி அளித்தவர் ஜிம் கோல்மன். அமெரிக்க வாலிபாலில் புள்ளிவிவரக் கணக்கை வளர்த்தவர்களில் முன்னோடி அவர். ரோஸ் நெப்ராஸ்காவில் முதுகலை படித்தபோது எடுத்துக்கொண்ட ஆய்வும் வாலிபால் புள்ளிவிவரம் பற்றியதுதான்.

அந்தக் கணக்கு எப்படி வேலை செய்யும் என்றால், எதிரணி சர்வீஸ் போடுகிறது, நம் ஆள் பந்தை எடுக்கிறார். பந்து சரியாகச் செட்டர் கைக்குப் போய், அவர் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் தூக்கிக் கொடுக்கலாம் என்ற நிலை இருந்தால் 3. இரண்டு வழிதான் இருக்கிறது என்றால் 2. ஒரே ஒரு வழிதான், வலையருகே எம்பித் தடுக்கும் எதிரணி ஆட்களுக்கும் அது தெரியும் என்றால் 1. எடுக்கவே முடியவில்லை என்றால் 0. ஓர் ஆட்டம் முடிந்ததும் ஒவ்வொருவரின் சராசரியும் தாளில் வந்துவிடும். பார்வையாளர் கண்ணுக்கு ஓங்கி அடித்த ஸ்மாஷ்தான் தெரியும். அந்த ஸ்மாஷுக்கு முந்தைய முந்தைய தொடுகையில் குனிந்து பந்தை எடுத்தவள் யார் என்பது அந்தத் தாளில் இருக்கும். கைதட்டல் கிடைக்காத வேலைக்கு மதிப்பெண் கொடுக்கும் முறை இது. இதை நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஒருவர் விடாமல் செய்திருக்கிறார் என்பது எனக்கு 109ஐவிடப் பெரிதாகப் படுகிறது.

சரி, 109க்கும் வருவோம். 2007, 2008, 2009, 2010 என்று நான்கு ஆண்டுகளும் பட்டம். என்சிஏஏ பெண்கள் வாலிபாலில் அதற்கு முன் எந்த அணியும் தொடர்ந்து நான்கு முறை வென்றதில்லை. அந்த அணியின் பெயர்களைப் பாருங்கள்: வட கரோலினாவிலிருந்து மேகன் ஹாட்ஜ், ஒஹாயோவிலிருந்து நிக்கோல் ஃபாசெட், மிச்சிகனிலிருந்து அலிஷா கிளாஸ், பென்சில்வேனியாவிலிருந்தே கிறிஸ்டா ஹர்மோட்டோ, வர்ஜீனியாவிலிருந்து பிளேர் பிரவுன். கலிபோர்னியாவை நம்பி இருந்திருந்தால் இந்த அணி உருவாகியிருக்காது. முதல் இருபது ஆண்டுகளில் ஊர் ஊராகத் தேடிக் கட்டிய தொடர்புகளின் பலன் இது.

2007 இறுதியாட்டத்தின் ஐந்தாவது செட்டை வென்றதிலிருந்து 2008 அரையிறுதியின் இரண்டாவது செட் வரை அவர்கள் ஒரு செட்டைக்கூட இழக்கவில்லை. ஆட்டத்தை அல்ல, செட்டை. அப்படியே 111 செட்கள். அந்த அரையிறுதி நெப்ராஸ்கா மாநிலத்து ஒமாஹாவில், எதிரே நெப்ராஸ்கா அணி, அரங்கில் 17,000க்கும் மேற்பட்டவர்கள், பெரும்பாலும் சிவப்புச் சட்டை அணிந்த உள்ளூர்க் கூட்டம். முதல் இரண்டு செட்களைப் பென் ஸ்டேட் எடுத்தது, அடுத்த இரண்டையும் நெப்ராஸ்கா பறித்தது. மாதக்கணக்கில் ஒரு செட்கூடத் தோற்றுப் பழகாத பெண்கள், அந்தச் சத்தத்துக்கு நடுவே ஐந்தாவது செட் ஆட வேண்டும். ஆடினார்கள், வென்றார்கள். அடுத்த ஆண்டு இறுதியாட்டத்தில் டெக்சாஸிடம் முதல் இரண்டு செட்களையும் இழந்துவிட்டு, அடுத்த மூன்றையும் எடுத்தார்கள். ஐந்தாவது செட் 15-13. சுலபமாக வென்று பழகிய அணி இப்படி மீண்டு வருவது அரிது.

அந்த 109 வெற்றித் தொடருக்கு முன் அவர்கள் கடைசியாகத் தோற்றது ஸ்டான்ஃபோர்டிடம். 2010இல் தொடரை முடித்துவைத்ததும் ஸ்டான்ஃபோர்டுதான். அந்தப் பருவத்தில் மேலும் சில தோல்விகள் வந்தன. ஆனாலும் டிசம்பரில் கோப்பை பென் ஸ்டேட்டுக்கே. என்னைக் கேட்டால், நான்கு பட்டங்களில் இதுவே உயர்ந்தது.

அவரிடம் எல்லாமே எனக்குப் பிடிக்கும் என்று சொல்ல மாட்டேன். நாக்கு கூர்மையானது. பத்திரிகையாளர்களிடமும் சரி, ஆட்டக்காரர்களிடமும் சரி, சுருக்கென்று தைக்கும்படிப் பேசக்கூடியவர். அது எல்லோருக்கும் ஒத்துவராது. ஒத்துவராதவர்களைக் குறை சொல்லவும் கூடாது.

ஒரே நாற்காலியில் நீண்ட காலம் ஒருவர் இருப்பதே தன்னளவில் நல்லது என்றும் நான் வாதிடவில்லை. அதே வளாகத்திலேயே அதற்கு எதிர்ச்சாட்சி இருக்கிறது. ஜோ பட்டெர்னோ 46 ஆண்டுகள் கால்பந்துத் தலைமைப் பயிற்சியாளராக இருந்தவர், அந்த ஊரில் அவர் வைத்ததே சட்டம் என்ற நிலை. அவருடைய முன்னாள் உதவியாளர் சிறுவர்களைப் பாலியல் கொடுமைக்கு உள்ளாக்கிய வழக்கில் சிக்கியபோது, விஷயம் காதுக்கு வந்தும் பட்டெர்னோ போதிய அளவு செயல்படவில்லை என்று சொல்லி 2011 நவம்பரில் நிர்வாகம் அவரை நீக்கியது. ஒரு மனிதரைக் கேள்விக்கு அப்பாற்பட்டவராக்கினால் பலியாவது குழந்தைகள்தான். எனவே பயிற்சியாளருக்குக் காலம் கொடுங்கள் என்று நான் சொல்லும்போது, கண்காணிப்பை விட்டுவிடுங்கள் என்று அர்த்தம் இல்லை. பட்டம் வரவில்லையே என்று அவசரப்படாதீர்கள், ஆனால் பிள்ளைகள் எப்படி நடத்தப்படுகிறார்கள் என்பதை ஒவ்வோர் ஆண்டும் கேளுங்கள். இந்த இரண்டில் நிர்வாகங்கள் பெரும்பாலும் முதலாவதில் மட்டும்தான் கண்டிப்பாக இருக்கின்றன. இது எனக்கு உண்மையிலேயே கோபம் தரும் விஷயம்.

2013, 2014 பட்டங்களோடு ரோஸின் கணக்கு ஏழு ஆனது. 2021 டிசம்பரில் 1,330 வெற்றிகள், 229 தோல்விகளோடு ஓய்வு பெற்றார். அவரிடம் ஆடிய ஹேலி வாஷிங்டனும் மிகா ஹேன்காக்கும் அதே ஆண்டு டோக்கியோவில் அமெரிக்கப் பெண்கள் அணிக்கு உள்ளரங்க வாலிபாலில் முதல் ஒலிம்பிக் தங்கம் வாங்கித் தந்த அணியில் இருந்தார்கள்.

அடுத்து யார் என்ற கேள்விக்குப் பென் ஸ்டேட் வெளியே தேடவில்லை. கேட்டி ஷூமாக்கர்-காலி, 1999இல் அந்த முதல் பட்டத்தை வென்ற அணியில் ஆடியவர், வேறு இரண்டு பல்கலைக்கழகங்களில் தலைமைப் பயிற்சியாளராக இருந்துவிட்டு 2018இல் ரோஸுக்கு உதவியாகத் திரும்பி வந்தவர், அவரையே நியமித்தார்கள். 2024 பருவம் நடந்துகொண்டிருந்தபோது அவருக்கு மார்பகப் புற்றுநோய் இருப்பது தெரிந்தது. கீமோதெரபி எடுத்துக்கொண்டே அணியை நடத்தினார். அரையிறுதியில் நெப்ராஸ்காவிடம் முதல் இரண்டு செட்களை இழந்த பிறகு மூன்றையும் வென்று, இறுதியில் லூயிவில் அணியை அதன் சொந்த ஊரிலேயே தோற்கடித்தார்கள். அந்தப் போட்டியைத் தலைமைப் பயிற்சியாளராக வென்ற முதல் பெண் அவர். 1981 முதல் நடக்கும் பெண்கள் போட்டியில் இதற்கு 2024 வரை ஆகியிருக்கிறது என்பது வெட்கக்கேடு. அதைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும்.

அந்த வெற்றியையும் ரோஸின் கணக்கில் எழுதிவிடச் சிலருக்கு ஆசை இருக்கிறது. அது ரோஸுக்கும் மரியாதை இல்லை, கேட்டிக்கும் மரியாதை இல்லை. ரோஸ் வென்றது ஏழு, எட்டாவது முழுக்க கேட்டியுடையது. 1998இல் பொறுமை இழந்து ரோஸை அனுப்பியிருந்தால் 1999இல் அவர் தலைமையில் அந்த அணி ஆடியிருக்காது, அந்த அணியில் ஆடியவர் 2018இல் அவரிடமே திரும்பி வந்திருக்கவும் மாட்டார். பென் ஸ்டேட்டின் விளையாட்டு நிர்வாகத்தில் அன்று இருந்தவர்களின் பெயர்களை யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை. பயிற்சியாளர்களைப் பற்றி எழுதுகிறவர்கள் அவர்களைப் பற்றியும் எழுத வேண்டும் என்பது என் கோரிக்கை.